பெயரிடலும் பேணலும்

எமது கல்லூரியின் பழைய நிழற்படங்கள் கணினியில் ஏற்றப்பட்டு வருதல் அன்பர்கள் அறிந்ததே. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமுதாயத்தார்க்குப் பிரதியெடுத்து வைத்தலின் அருமையை நாம் எடுத்துரைத்தல் வேண்டா. ஆயினும், ஏற்றிய மாத்திரத்தில் ஒரு படம் பேணப்பட்டதாகிவிடாது. தேடுவோன் கண்டெடுக்கத்தக்க பெயரும் அதற்கு வேண்டும்.

கருவி தானாக இடும் பெயர் வெறும் இலக்கமே. ‘0417’ என்பது பரிசளிப்பு விழாவோ, துடுப்பாட்டக் குழுவோ, எவர் அறிவார்? படங்களைப் பார்த்து ஒருவர் பட்டியல் எழுதித் தருவாராயின், ஆயிரம் கோப்புகளின் பெயரையும் சில வரிக் கட்டளை நிரலொன்று நொடிப்பொழுதில் மாற்றிவிடும்.

அவ்வேகமே ஆபத்துமாம். ஒரு விழாவின் நாற்பது படங்களுக்கு ஆண்டையும் விழாவின் பெயரையும் இட விதித்த நாம், தொடரிலக்கம் சேர்க்க மறந்தோம். லினக்ஸ் முறைமையில் ‘எம்வி’ என்னும் கட்டளை, அதே பெயரில் முன்னரே கோப்பு இருப்பின், பொதுவாகக் கேளாமலே அதன் இடத்தில் புதியதை வைத்துவிடும். நாற்பதில் எஞ்சியது இறுதிப் படம் ஒன்றே! மூலப் பிரதி வேறிடத்தில் இருந்தமையால் தப்பினோம்.

ஆகவே, முதலிற் பிரதி எடுத்தல் வேண்டும். அடுத்து, கட்டளையின் முன் ‘எக்கோ’ என்னுஞ் சொல்லைச் சேர்த்து, நிகழவிருப்பதைத் திரையில் வாசித்தல் வேண்டும். 2க்கு முன் 10 வந்து நில்லாதிருக்க, 002, 010 என எழுதுதல் நன்று. திகதியை ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் அமைப்பின் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும்.

இத்துணை எச்சரிக்கை வேண்டுமெனின் கையாலேயே மாற்றலாமே என்பர் சிலர். கையால் மாற்றுவோன் நூறாவது கோப்பிற் சோர்வான். அவன் விடும் பிழைகள் பல இடங்களில் மறைந்து கிடக்கும். நிரலின் பிழையோ விதியில் நிற்பது. விதியைத் திருத்தி, மூலப் பிரதியிலிருந்து மீண்டும் இயக்கின் எங்குந் திருந்தும்.

நிரல் எழுதுதலை இன்றைய மாணவர் ஏற்பாராக. ஆனால், படத்தில் நிற்பவர் யாரென எந்நிரலும் சொல்லாது. அதனைச் சொல்லவல்லார் முதிய பழைய மாணவரே. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்பாற் சென்று கேட்டெழுதுதல் நம் கடனாகும்.