எரிப்பதற்கு முன் ஒருமுறை படத்தைப் பாருங்கள்



சில வாரங்களுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்தார். கையில் பட்டுத்துணியில் சுற்றிய சிறு பொட்டலம். பிரித்தால், டாரட் சீட்டுக்கட்டு! "எரித்துவிடலாமா சார்?" என்று கேட்டார். மகள் இப்பொழுது ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தேர்வு எப்படி அமையும் என்று ஒரு சீட்டை எடுத்திருக்கிறாள். எட்டு வாள் சீட்டு வந்ததாம். 'முடக்கம், சிறை' என்று இணையத்தில் பலன் படித்தவள், அன்றிலிருந்து பாடநூலைத் தொடவில்லை.

எரிக்க வேண்டாம் என்றேன். பெற்றோர் சிலருக்கு என் கருத்து கசக்கலாம்.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டு விளையாட்டு. அதைக் கொண்டு குறி சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பிரான்சில் பரவியது. பட்டில் சுற்றி வைப்பது, இடக்கையால் கட்டைப் பிரிப்பது, முதற்கட்டைக் காசு கொடுத்து வாங்காமல் பரிசாகவே பெறவேண்டும் என்பது ஆகிய வழக்கங்கள் எல்லாம் விளையாட்டின்மேல் பின்னாளில் ஏற்றப்பட்டவை. கிளி எடுத்துத் தரும் சீட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பென்ன? 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது புகழ்பெற்ற சிங்கப்பூர்க் கிளி மணிகூட, இறுதியாட்டத்தில் நெதர்லாந்தைத்தான் எடுத்தது. வென்றது ஸ்பெயின்.

ஆனால், அந்த மாணவியை ஈர்த்தது குறி மட்டுமன்று. நீண்ட அங்கிகள், தொலைவில் கோட்டைகள், மங்கிய மஞ்சளும் நீலமும் கலந்த பழங்காலக் காதற்கதைச் சாயல் கொண்ட ஓவியங்கள் என்றால் அவளுக்கு உயிர். அறைச் சுவர் முழுதும் அவைதாம் என்று தாயார் குறைபட்டுக்கொண்டார். இதிலென்ன குறை? பதினேழு வயதில் ஓவியத்தின்பால் ஒரு பிள்ளைக்கு ஈடுபாடு பிறப்பது எளிதில் கிட்டாத பேறு.

அந்தக் கட்டு 1909இல் இலண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. வெயிட் என்பவர் திட்டமிட, 78 படங்களையும் வரைந்தவர் பமிலா கோல்மன் சிமித் என்னும் பெண்மணி. அதற்கு முந்தைய கட்டுகளில் பெரும்பாலானவற்றில் எட்டு வாள் என்றால் வெறும் எட்டு வாள்களே இருக்கும். இவரோ எண்சீட்டுகளிலும் மனிதர்களை நிறுத்திக் கதை சொன்னார். கறுப்புக் கோடுகளும் தட்டையான வண்ணங்களும் சப்பானிய அச்சோவியங்களை நினைவூட்டும். பெரிய வேலை, மிகச் சிறிய கூலி என்று அவரே ஒரு மடலில் எழுதினார். கட்டு 'ரைடர்-வெயிட்' என்றே நெடுங்காலம் வழங்கியது. வரைந்தவரின் பெயர் அதில் இல்லை. 1951இல் கடனோடு இறந்தார். படங்களின் ஓரத்தில் பின்னலாய் இருக்கும் சிறு கையொப்பம் மட்டுமே அவர் விட்டுச்சென்ற அடையாளம்.

மறுவாரம் மகளும் உடன் வந்தாள். எட்டு வாள் படத்தை மேசைமீது வைத்து, படக்கட்டுரை வகுப்பில் கேட்பதைப்போல் "என்ன தெரிகிறது?" என்றேன். கண்கட்டு, உடலைச் சுற்றிய கட்டு, சுற்றிலும் வாள்கள் என்றாள். கால்கள்? உற்றுப் பார்த்தாள். கால்களில் கட்டில்லை, முன்பக்கம் வாளும் இல்லை. நான் வேறொரு பலன் சொல்ல முயலவில்லை. இவ்வளவு நாளும் அவள் யாரோ எழுதிய பலனைத்தான் படித்திருக்கிறாள், படத்தைப் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

ஆசிரியர் நண்பர்களே, மாணவரின் பையில் இத்தகைய சீட்டு அகப்பட்டால் உடனே பறிமுதல் செய்துவிடுகிறோம். வரைந்தவர் யார் என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா? பெற்றோர்களும் பிள்ளை எந்தக் கேள்வியைச் சீட்டிடம் கேட்டாள் என்று விசாரியுங்கள். 'தோற்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்' என்பதே இவள் கேட்க நினைத்த கேள்வி. அதைத் தாயாரிடம் கேட்க அஞ்சியிருக்கிறாள்.

தேர்வு முடியும்வரை கட்டு தாயாரின் அலமாரியில் இருக்கும். இருவரும் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. எட்டு வாள் படத்தை மட்டும் பார்த்து வரைவதற்காக மகள் கேட்டு வாங்கிச் சென்றாள்.