பூண்டு ஊரா, வெந்நீர் ஊரா?

ரிட்டயர் ஆனதும் ஃபீனிக்ஸ் சந்தடியை விட்டுட்டு சின்ன ஊர் ஒண்ணுக்குப் போயிடலாம்னு நானும் தங்கமணியும் பேசிக்கிட்டு இருக்கோம். கேட்டா பாதிப் பேர் சொல்றது அஹோ. (ஸ்பானிஷ்ல பூண்டுன்னு அர்த்தம், சிரிக்காதீங்க!) 1985ல தாமிரச் சுரங்கத்தை மூடினதும் தொழிலாளிங்க கிளம்பிட்டாங்க, வீடுங்க மலிவாச்சு, ஓய்வு பெற்றவங்க வந்து சேர்ந்தாங்க. வெள்ளை வளைவுகளோட ஒரு பிளாசா, ராத்திரி வானம் பூரா நட்சத்திரம். அமைதின்னா அப்படி ஒரு அமைதி.

ஆனா என் ஓட்டு அதுக்கு இல்லீங்க. தங்கமணிக்குப் போன வருஷம்தான் ஸ்டென்ட் வெச்சிருக்கு. அஹோவுல கிளினிக் உண்டு, ஆஸ்பத்திரி கிடையாது. ஃபீனிக்ஸ் வரணும்னா 100 மைலுக்கு மேல. வீடு தேடறவங்க விலையைக் கடைசியா பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா எங்க போறதுன்னு முதல்ல கேளுங்க.

நியூ மெக்சிகோவில ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்னு ஒரு ஊர். (1950ல ஒரு ரேடியோ நிகழ்ச்சியோட பேரையே தனக்கு வெச்சுக்கிட்ட ஊர்!) வெந்நீர் ஊற்று, ரியோ கிராண்டே ஆறு, ஊருக்குள்ளயே சின்னதா ஒரு ஆஸ்பத்திரி. ஏறக்குறைய 4,200 அடி உயரம்ங்கறதால வெயிலும் கொஞ்சம் கம்மி. பெரிய கடைகண்ணிக்கு லாஸ் குரூசஸ் வரை 75 மைல் ஓட்டணும், அது பரவாயில்லை.

தங்கமணி இன்னும் அந்த பிளாசா போட்டோவை விடறதா இல்லை. ஜூலை மாசம் மத்தியானமா பாத்து அஹோவுக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன் :-)