லென்ஸ் வாங்கும் முன் ஒரு வாக்கியம்

“அண்ணே, கையில அறுபதாயிரம் இருக்கு. எந்த கேமரா எடுக்கலாம்?” வடசேரிப் பக்கம் கேமராவும் கையுமாகத் திரிகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. “என்ன படம் எடுக்கணும் தம்பி?” என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் மௌனம். பிறகு சென்சார் அளவு, மெகாபிக்சல், ஆட்டோஃபோகஸ் புள்ளிகள் என்று யூடியூப் விமர்சகரின் குரல் தம்பியின் வாயிலிருந்து வரும். தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவனை அப்படிப் பேச வைத்த வியாபாரத்தோடுதான் எனக்குச் சண்டை.

அந்த வியாபாரம் சொல்லும் முதல் பொய்: படம் நன்றாக வரவில்லையா, உன் கேமரா போதவில்லை. விடிவதற்கு முன் கனகமூலம் சந்தைக்கு வந்து பாருங்கள். ஏத்தன் குலையும் செந்துளுவன் குலையும் இறங்கிக்கொண்டிருக்கும். பல்பு வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப் 5.6-க்கு மேல் அது திறக்காது. குலை சுமப்பவர் நடந்தால் படம் கலங்கும். உடனே ‘ஃபுல் ஃப்ரேம் எடுத்தாத்தான் சரிவரும்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சி சென்சாரைப்போல் சுமார் இரண்டேகால் மடங்கு. இருட்டில் அதனால் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய ஒரு ஸ்டாப். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிற 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விடும். அதாவது மூன்று ஸ்டாப்புக்கும் அதிகம். 1/15 நொடியில் கலங்கியவர் 1/125-இல் தெளிவாக நிற்பார். ஃபோகஸ் ஆழம் சுருங்கும்தான். அதைப் பழகிக்கொள்ள வேண்டும். லட்ச ரூபாய் கேமராவைத் தவணையில் விற்க வந்த காணொளி இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாது.

இரண்டாவது பொய் இதைவிட மோசம், ஏனென்றால் அது ஞானம்போல ஒலிக்கும். ‘கருவி முக்கியமில்லை, கண்தான் முக்கியம்.’ இருப்பவன் இல்லாதவனுக்குச் செய்யும் உபதேசம் இது. கார்ட்டியர் பிரெஸ்ஸான் பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸில் எடுத்தார் என்று மேற்கோள் காட்டுவார்கள். அது லைக்கா என்பதையும், அவர் நூல் உற்பத்தி செய்த பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை என்பதையும் விட்டுவிடுவார்கள். நம் பக்கத்தில், மலக்குழித் தொழிலாளர்களின் வாழ்வைப் பதிவு செய்துவரும் பழனிக்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022-இல் தயானிதா சிங்-பாரி விருதை முதலில் பெற்றவர். மீன் விற்ற தாயின் மகன். அவருடைய முதல் கேமரா கடனில் வந்தது. அந்த வீட்டில் போய், கருவி முக்கியமில்லை என்று சொல்ல முடியுமா? தேரூர் குளத்து மஞ்சள்மூக்கு நாரையை 55 மி.மீ. லென்ஸில் எடுத்தால் குளம் கிடைக்கும், நாரை புள்ளியாக இருக்கும். அங்கே 400 மி.மீ. கேட்பது ஆடம்பரம் இல்லை.

அப்படியென்றால் எதைக் கற்பது? வடசேரியிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. பரதநாட்டியக் கலைஞர்கள் அணிகிற, புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகைகள் இங்கேதான் செய்யப்படுகின்றன. ஒரு நெற்றிச்சுட்டியைப் படமெடுத்துப் பாருங்கள், நல்ல கேமராவே திணறும். ஒவ்வொரு சிவப்புக் கல்லும் ஒரு குட்டிக் கண்ணாடி. எதிரில் இருப்பதையெல்லாம் அது திருப்பிக் காட்டும். ஃப்ளாஷ் அடித்தால் கல் செத்து வெள்ளைத் திட்டு ஆகும். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். அந்த வேட்டி முழுதும் விளக்காகிவிடும். நகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் சிவப்பு ஆழமாகத் திறந்துகொள்ளும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். அந்த ஒரு நாளை யாரும் விற்க முடியாது, அதனால்தான் அதற்கு விளம்பரமும் இல்லை.

கருவிப் பேச்சு இன்னொரு காரியத்தையும் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டோ வாக் கூட்டங்களைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர், 70-200 லென்ஸ்கள், எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு கீரை விற்கும் ஆச்சியின் சுருக்கம் விழுந்த முகத்தைச் சுடுகிறார்கள். பிறகு கறுப்பு-வெள்ளை, கீழே ‘வாழ்க்கை’ என்று ஒரு வரி. அந்தத் தூரத்தை வாங்கித் தந்தது லென்ஸ். கிட்டப் போய் “ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டா?” என்று கேட்கும் கூச்சத்திலிருந்து தப்பிக்கத்தான் இவ்வளவு செலவு. கேட்டுப் பாருங்கள். “என்னத்துக்கு மக்கா, பேப்பர்ல போடவா?” என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது. சம்மதித்தவருக்கு அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்றாவது வாரம் அவர் கேமராவை மறந்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கீரைக்கட்டு கட்டுவார். நீங்கள் தேடியது அந்த முகம்தான். அதை எந்த ஆட்டோஃபோகஸும் பிடித்துத் தராது.

எனவே என் கட்சி இது. கையிலிருக்கும் கேமராவோ செல்போனோ, ஒரு மாதம் ஒரே தெருவில் எடுங்கள். எந்தப் படம் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். ‘விடிகாலையில் ஆட்கள் கலங்குகிறார்கள்’ என்பது வாக்கியம். 50 எஃப் 1.8 வாங்குங்கள், பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ‘நாரை எட்டவில்லை’ என்பதும் வாக்கியம். காசு சேருங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். ‘என் படங்களில் ஏதோ குறைகிறது’ என்பதற்குக் கடையில் சாமான் கிடையாது. அதற்கு இன்னொரு மாதம் அதே தெருவில் நடக்க வேண்டும்.