முதுமையில் மறதியும் தாய்மொழியும்: புலம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

1983 கறுப்பு யூலையின் பின்னர் தாயகத்தை விட்டு வெளியேறி, கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் தஞ்சமடைந்த இளைஞர்கள் இன்று அறுபது வயதைக் கடந்துவிட்டனர். பின்னாளில் அவர்களால் அழைத்துவரப்பட்ட பெற்றோரில் எஞ்சியிருப்போர் எண்பதையும் தொண்ணூறையும் எட்டியுள்ளனர். வீடு வாங்குவதற்கும், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்கும், கோயில் எழுப்புவதற்கும் திட்டமிட்ட இச்சமூகம் மறதிக்கு மட்டும் திட்டமிடவில்லை.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் இதற்கென ஒரு சொல் நெடுங்காலமாக உண்டு. "அறளை பெயர்ந்துவிட்டது" என்பர். பெரும்பாலும் ஏளனமாகவே வழங்கும் இச்சொல், மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறந்தவரையும் பெற்ற மகளை அடையாளம் காணாதவரையும் ஒரே நிலையில் வைத்துவிடுகின்றது. அதைவிடக் கேடானது, அச்சொல்லைச் சொல்லி முடித்ததும் மருத்துவரை நாடவேண்டும் என்ற எண்ணமும் வீட்டில் முடிந்துவிடுகின்றது என்பதாகும்.

முதுமையில் மூளை மாறுகின்றது என்பது உண்மையே. தகவல்களைக் கையாளும் வேகம் நடுவயதுக்கு முன்னரே குறையத் தொடங்குகின்றது. ஒருவருடைய பெயர் நாவின் நுனியில் நின்று வெளிவர மறுப்பது, ஒரே நேரத்தில் இரு வேலைகளைக் கவனிக்க இயலாமற்போவது ஆகியன நோயல்ல. மறுபுறம், சொல்வளம் அறுபது வயது கடந்தும் வளர்கின்றது. வயதாக ஆக மூளையின் நரம்பணுக்கள் பெருமளவில் மடிந்துபோகின்றன என்று முன்னர் நம்பப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த பாக்கன்பெர்க், குண்டர்சன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட கணக்கீடு, இருபது வயதிலிருந்து தொண்ணூறு வயதுவரை பெருமூளைப் புறணியில் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 10 சதவீதமே எனக் காட்டிற்று. பெரிதும் மாறுவது அணுக்களின் எண்ணிக்கையன்று, அவற்றுக்கிடையிலான இணைப்புகளே.

கணினியோடு வாழ்வோர் மூளையை ஒரு வன்தட்டாக உருவகிக்க விரும்புவர். அவ்வுருவகம் பொருந்தாது. வன்தட்டில் ஒரு கோப்பு குறித்த இடத்தில் கிடக்கும். எத்தனை முறை திறந்து படித்தாலும் மாறாது. நினைவோ மூளையின் பல பகுதிகளில் பரந்து கிடக்கின்றது. மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது திருத்தப்பட்டு மீண்டும் பதியக்கூடியது. புதிய நினைவு பதிவதற்குக் கடற்குதிரை வடிவிலான ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி இன்றியமையாதது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயைத் தணிப்பதற்காக அப்பகுதியின் பெரும்பங்கு இருபுறமும் அகற்றப்பட்டது. அன்றுமுதல் 2008இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் இருத்த இயலவில்லை. எனினும் இளமைக்கால நினைவுகள் பலவும் மொழியும் அவரிடம் எஞ்சியிருந்தன.

அல்சைமர் நோய் பெரும்பாலானோரிடம் இப்பகுதியிலும் அதன் அயலிலும் தொடங்குகின்றது. ஆகையால்தான் காலையில் உண்டது மறந்துபோக, வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பத்து வயதில் கண்ட பட்டப்போட்டி மட்டும் நிறம் மாறாமல் நிற்கின்றது. அண்மைய நினைவு முதலில் அழியும், பழைய நினைவு நீடிக்கும் என்ற இவ்வொழுங்கைப் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881லேயே எழுதிவைத்தார்.

புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு இங்கேதான் ஒரு தனிச்சிக்கல் எழுகின்றது. நாற்பது வயதில் கற்ற ஆங்கிலமோ நோர்வே மொழியோ ஜெர்மனோ, பின்னாளில் வந்து சேர்ந்த பொருள். நோய் முற்றுகையில் அம்மொழி முன்னதாகத் தளர்ந்து, தாய்மொழி மட்டும் எஞ்சுவது பலரிடம் காணப்படுகின்றது. எல்லோரிடமும் ஒரேபடியாக இது நிகழ்வதில்லை. சிலரிடம் இரு மொழிகளும் சேர்ந்தே தளர்கின்றன. வேறு சிலர் தாதியிடம் தமிழில் பேசிவிட்டு, அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று கோபம் கொள்கின்றனர். நினைவுக்கும் அது பதிந்த காலத்து மொழிக்கும் தொடர்பு உண்டு என்பதை, அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிய மொழி முதியோரிடம் ஷ்ராஃப், ரூபின் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குடியேறுவதற்கு முந்திய வாழ்வு பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலும், பிந்திய வாழ்வு கூடுதலாக ஆங்கிலத்திலும் அவர்களின் மனத்தில் எழுந்தது.

சுவீடனில் 1990களில் சிர்க்கா-லீசா எக்மன் மேற்கொண்ட ஆய்வு தமிழரால் அறியப்படவேண்டியது. பின்லாந்திலிருந்து குடியேறி மறதி நோய்க்கு ஆளான முதியோரைச் சுவீடிய மொழி மட்டும் அறிந்த பணியாளர்கள் பராமரித்தபோது, அவர்கள் செயலிழந்தவர்களாகவே தோன்றினர். பின்னிய மொழியும் அறிந்த பணியாளர்கள் அருகே இருந்தபோது, அதே முதியோர் கூடுதலாகப் பேசினர். தம் வேலைகளையும் கூடுதலாகத் தாமே செய்தனர். நோய் மாறவில்லை, மொழி மாறியது. பின்லாந்துக்காரருக்குப் பொருந்திய இது பருத்தித்துறையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தோருக்குப் பொருந்தாது எனக் கருதக் காரணம் எதுவுமில்லை.

இப்போது மருத்துவரின் அறைக்குள் நுழைவோருக்கு என்ன நேர்கின்றது எனப் பார்க்கலாம். மொன்றியலில் உருவாக்கப்பட்டு 2005இல் வெளியான மொக்கா என்ற பரிசோதனை உலகெங்கும் வழக்கிலுள்ளது. மொத்தம் 30 புள்ளிகள். 26க்குக் குறைந்தால் மேலும் ஆராயவேண்டும் என்பது பொதுவான அளவு. அதன் ஆங்கில வடிவத்தில் நினைவில் இருத்தவேண்டிய ஐந்து சொற்களுள் வெல்வெட்டும் தேவாலயமும் டெய்சிப் பூவும் அடங்கும். டெய்சிப் பூவை வாழ்நாளில் ஒருமுறையும் பெயர் சொல்லி அழைத்திராத ஒரு அம்மம்மா, ஐந்து நிமிடம் கழித்து அதைத் திருப்பிச் சொல்லாவிடின் அது எதன் குறை? இன்னொரு வினாவில், எஃப் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் பதினொன்றாவது சொல்லவேண்டும். அவ்வொலி தமிழ் நெடுங்கணக்கிலேயே இல்லை. 1975 முதல் வழங்கும் மற்றொரு பரிசோதனையில், உலகம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி எழுத்துக்கூட்டச் சொல்வர்.

இப்பரிசோதனைகளுக்குத் தமிழ் வடிவங்களும் உள்ளன. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு அவை இருப்பது தெரிந்திருக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் உரைபெயர்ப்பாளரை முற்கூட்டியே கோரிப் பெறும் வசதியும் உண்டு. அவ்வாறிருந்தும் பெரும்பாலான குடும்பங்கள் பேத்தியையே உடன் அனுப்புகின்றன. இது அன்பினால் செய்யப்படும் தவறு. அம்மம்மா தடுமாறிச் சொன்ன விடையைப் பேத்தி தன்னையறியாமலே திருத்தி ஆங்கிலத்தில் சொல்வாள். அன்றேல், வினாவைத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்கையில் விடையையும் சேர்த்தே சொல்லிவிடுவாள். பேத்தியின் முன்னால் தோற்பதற்கு நாணி, முதியவரும் வாய் திறக்கமாட்டார்.

மறதி என்று வரும் அனைத்தும் அல்சைமரும் அல்ல. தைரொயிட் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியனவும் நினைவைக் குலைக்கும். இவற்றைப் பெரிதும் சீர்செய்ய இயலும். பி12 இயற்கையில் விலங்குணவில்தான் கிடைக்கின்றது. ஆகையால் சைவ உணவினரும், நீரிழிவுக்காக மெற்போமின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொண்டோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நன்று. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் மௌனத்தை மறதி நோயென்று முடிவு செய்வதற்கு முன், அது துயரமா என்று கேட்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். அந்த மருத்துவருக்கு அத்தாயின் கதையைச் சொல்லக்கூடிய ஒருவரும் வேண்டும். லான்செட் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளை அகற்ற முடிந்தால் உலகில் மறதி நோயின் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலலாம் என்கின்றது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கேட்புத்திறன் குறைவு, தனிமை ஆகியன அவற்றுள் அடங்கும். காதுக் கருவியை அவமானமாகக் கருதி மேசை இழுப்பறைக்குள் வைத்திருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இரு மொழி பேசுவோருக்கு நோய் தாமதமாக வெளிப்படும் என்ற செய்தி தமிழர் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகின்றது. றொறன்ரோவில் பியலிஸ்டொக் குழுவினர் 184 நோயாளரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ நான்கு ஆண்டுத் தாமதம் காணப்பட்டது. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளரை ஆராய்ந்து 2013இல் நான்கரை ஆண்டு என்றனர். எழுத்தறிவற்றோரிடமும் அத்தாமதம் இருந்தது. ஆனால் நியூயோர்க்கில் ஸ்பானிய மொழி முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு (2014) அத்தகைய பாதுகாப்பைக் காணவில்லை. ஆகவே தமிழ் கற்றால் மறதி வராது என்று பெற்றோரிடம் உறுதி கூறுவது நேர்மையன்று. தமிழ்ப் பாடசாலைகள் அப்படிக் கூறத் தேவையுமில்லை. தமிழ் கற்பதற்கு அதைவிட நெருக்கமான காரணம் ஒவ்வொரு வீட்டிலும் வளர்ந்துவருகின்றது.

பேச்சுப்போட்டியில் பரிசு பெற்ற பிள்ளைக்கு, "எனக்கு விலா நோகுது" என்று அப்பப்பா முனகுவது புரியாத நிலை பல வீடுகளில் உண்டு. திருக்குறளை மனனம் செய்வித்த ஆசிரியர்கள் மீது குறையில்லை. பாடத்திட்டம் வீட்டுத் தமிழைப் பொருட்படுத்தவில்லை. தலை சுற்றுதல், ஓங்காளம், விறைப்பு, வாய்க்கசப்பு போன்ற சொற்கள் பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. அவற்றை மேடைத் தமிழால் ஈடுசெய்ய முடியாது.

இளையோர் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. வீட்டிலுள்ள முதியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே அவரோடு அமர்ந்து ஒரு தாளை நிரப்பலாம். பிறந்த ஊர், படித்த பாடசாலை, உடன்பிறந்தோர் பெயர், காலையில் குடிப்பது தேநீரா கோப்பியா, கேட்க விரும்பும் பாட்டு, உண்ணாத உணவு, எதைக் கண்டால் அஞ்சுவார் என்பன அதில் இடம்பெறவேண்டும். போர்க்காலத்தைக் கடந்தவர்களில் உலங்குவானூர்தியின் ஒலி கேட்டதும் படுக்கைக்கு அடியில் ஒளிய முயல்வோர் உளர்; பராமரிப்பு இல்லத்துத் தாதிக்கு அதன் காரணம் தெரியவராது. தாளின் மறுபுறத்தில் தண்ணீர், பசி, நோவு, குளிர், கழிப்பறை ஆகியவற்றுக்கு அவர் வழங்கும் தமிழ்ச் சொற்களை அந்நாட்டு எழுத்தில், உச்சரிக்கக்கூடியவாறு எழுதவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கடவுச்சீட்டிலுள்ள நீண்ட பெயரையன்று, சிறுவயதில் தாய் அவரைக் கூப்பிட்ட பெயரை எழுதி வைக்கவேண்டும். ஏனைய பெயர்களுக்குத் திரும்பிப் பார்க்காத நாளிலும் அவர் அதற்குத் திரும்பிப் பார்க்கக்கூடும்.