சேறு காய்வதற்கு முன்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் மழைக்காலத்தில் ஓடித் திரும்பும் ஜீப்புகளின் மேற்பாகத்தைத் துடைப்பதில் காட்டும் சிரத்தையில் பாதியையேனும் அடிப்பாகத்துக்குக் காட்டாதது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. சேஸிஸின் இடுக்குகளிலும் ஸ்பிரிங் பட்டைகளின் நடுவிலும் அப்பிய சேறு, மேலே காய்ந்து வெளுத்துத் தோன்றினாலும், உள்ளே ஈரத்தைப் பல நாள் பிடித்துவைத்து இரும்பை அரித்துவிடுகிறது. நீர் வடியும் துவாரங்களும் அடைபட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே அன்றைக்கே குழாய்த் தண்ணீரால் நிதானமாக ஊறவைத்துக் கழுவி, துவாரங்களைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுவது அவசியம். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரை பேரிங் சீல்களுக்கு நேராகப் பிடித்தால் அது உட்புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். வண்டியை ஓடையில் இறக்கிக் கழுவும் வழக்கத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்: கிரீஸும் எண்ணெயும் கலந்த அந்த ஜலம் கீழேயுள்ள ஜனங்களின் குடத்துக்கும் போகக்கூடியது.