உறங்குகிறான் என்று விட்டுவிடலாமா?

அபினி வகைப் பொருள்களைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. அதில் அடிக்கடி வந்த 'ஓவர்டோஸ்' என்னும் சொல்லுக்கு 'அளவு மீறிய போதை' என்று எழுதினேன். சொல்லளவில் குறை காண இயலாத தமிழாக்கமே அது. பிரசுரம் வெளிவந்து சில வாரங்களில் களப்பணியாளர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. போதை மீறிப் போனவனைப் படுக்கவைத்து உறங்கவிட்டால் காலையில் தெளிந்துவிடுவான் என்றுதான் மக்கள் நம்புகிறார்கள், பிரசுரத்தைப் படித்துக் காட்டிய பின்னும் அவ்வாறே சொல்கிறார்கள் என்று அவர் எழுதியிருந்தார். பிழை மக்களுடையதன்று. கள்ளுக்கும் சாராயத்துக்கும் பழகிப்போன சொல்லை நான் ஹெராயினுக்குக் கொடுத்துவிட்டேன். (மட்டுமீறிக் குடித்தவனையும் தனியே கிடக்க விடுவது ஆபத்தே, அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.)

அபினி, மார்பின், ஹெராயின், வலி நீக்கும் சில மாத்திரைகள் ஆகிய யாவும் மூளையில் ஒரே வகையான ஏற்பிகளில் சென்று பொருந்துகின்றன. வலி குறைவதும் மயக்கம் தருவதும் அதனால்தான். ஆனால், நம்மை இடைவிடாது மூச்சு விடச் செய்கின்ற மூளைத்தண்டின் பகுதியையும் அவை மந்தப்படுத்துகின்றன. இரத்தத்தில் கரியமில வாயு பெருகினால் மூச்சை விரைவுபடுத்த வேண்டிய அப்பகுதி வாளாவிருந்துவிடுகிறது. மூச்சு மெலிகிறது, உதடும் நகமும் நீலம் பாய்கின்றன, கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்குகிறது, தொண்டையில் கரகரவென்று ஓர் ஒலி எழுகிறது. வீட்டார் அதைக் குறட்டை என்று எண்ணிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். மரணம் பல வேளைகளில் உடனே நேர்வதில்லை. ஒன்றிரண்டு மணி நேரங்கூட ஆகின்றது. காப்பாற்றுவதற்கு வாய்த்த அந்த நேரத்தைத்தான் 'உறங்கட்டும்' என்ற ஒரு சொல்லில் இழக்கிறோம்.

இன்னொரு சொல்லும் தொல்லை தந்தது. நாளடைவில் அதே அளவு மருந்து உடலுக்குப் போதாமல் போகும் தன்மையை ஆங்கிலத்தில் 'டாலரன்ஸ்' என்பர். நம் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இது 'சகிப்புத்தன்மை' ஆகிவிட்டது! சமய நல்லிணக்கத்துக்கு உரிய சொல்லை இங்கே கொணர்ந்தால் படிப்பவர் என்ன செய்வார்? 'தாங்குதிறன்' என்று சொன்னால் போதும். இத்திறன் ஏறுவது போலவே இறங்கவும் செய்யும். சில நாட்கள் விட்டிருந்தாலே இறங்கத் தொடங்கும். ஆனால் பழைய அளவு மட்டும் நினைவில் மாறாது நிற்கும். ஆகவேதான் சிகிச்சை நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதற் சில வாரங்களே மிகவும் அஞ்சத்தக்கவை. 'பிள்ளை திருந்தி வந்துவிட்டான்' என்று வீடு நிம்மதி அடையும் அந்தக் காலம். ஒருமுறை தவறி, முன்பு போட்டுக்கொண்ட அதே அளவைப் போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இதை வெளியே வருகிறவனிடமும் அவன் தாயிடமும் முன்கூட்டியே சொல்லாமல் வழியனுப்புவது, என் கருத்தில், கடமை தவறுவதே ஆகும்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டு மக்களில் ஏறத்தாழ 2.1 சதவீதத்தினர் அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர். அவர்களுள் உதவி தேவைப்படும் நிலையில் இருந்தோர் சுமார் 77 லட்சம் பேர். இது எல்லைப்புறத்து மாநிலங்களின் தொல்லை மட்டுமே என்று கருதலாகாது. டேபன்டடால் என்னும் வலி மாத்திரையை நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றித் தமிழ்நாட்டிலும் சமீப ஆண்டுகளில் செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. அதுவும் அபினி வகையைச் சேர்ந்ததே.

ஆயினும் பாடம் கற்க வேண்டுமாயின் மணிப்பூரைத்தான் நோக்க வேண்டும். 1980களில் பர்மிய எல்லை வழியே ஹெராயின் அங்கு பரவியது. அதன் பின்னே, பலர் ஒரே ஊசியைப் பகிர்ந்தமையால் எச்.ஐ.வி.யும் பரவியது. பழி சொல்லிக் காலங்கழிக்க அம்மாநிலத்துக்கு நேரமிருக்கவில்லை. தீங்கைக் குறைப்பது என்னும் வழியை 1996ஆம் ஆண்டிலேயே தன் எய்ட்ஸ் கொள்கையில் அது ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களே பின்னர் நாலாக்சோன் குப்பியுடன் சென்று தோழர்களின் மூச்சை மீட்டிருக்கிறார்கள்.

நாலாக்சோன் என்பது ஏற்பிகளிலிருந்து அபினிப் பொருளை விலக்கிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும் மாற்று மருந்து. தசையில் செலுத்தினால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அபினி வகை உட்கொள்ளாதவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் தீங்கு செய்வதில்லை. அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி வரையே நீடிக்கும். ஆகவே எழுந்து உட்கார்ந்தவனைத் தனியே விட்டுச் செல்லலாகாது. நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. இத்தகைய ஆபத்தை நேரில் காண நேரக்கூடியவர்கள் கையில் இம்மருந்தும் அதற்கான பயிற்சியும் இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. பெருமருத்துவமனையின் அலமாரியில் பூட்டி வைத்த குப்பியால் தெருவில் விழுந்து கிடப்பவனுக்கு என்ன பயன்? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இருக்க வேண்டும். களப்பணியாளருக்கு இதைப் பயன்படுத்தும் பயிற்சியும் அதிகாரமும் அளிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மருந்து கையில் இல்லாவிடினும் செய்யத்தக்கது உண்டு. பெயர் சொல்லி உரக்க அழைத்து, மார்பெலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். விழிக்காவிடில் 108க்குச் சொல்லிவிட்டு, தலையைப் பின்னே சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை மூச்சு ஊத வேண்டும். மூச்சு திரும்பியபின் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மோரும் எலுமிச்சைச் சாறும் புகட்டுவது நம் ஊர் வழக்கம். நினைவற்றவன் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். உப்பு நீரை ஊசியில் ஏற்றுவது அதனினும் கொடிது.

நாக்கின் கீழ் வைக்கும் புப்ரனார்பின் மாத்திரையும் மெதடோன் மருந்தும் அரசு மையங்களில் மேற்பார்வையோடு தரப்படுகின்றன. 'ஒரு போதைக்கு மற்றொரு போதையா?' என்று கேட்போர் படித்தவர்களிலும் உண்டு. மாத்திரையை நாள்தோறும் பெறுகிறவன் ஊசியைத் தேடுவதில்லை, வேலைக்குப் போகிறான், இறப்பதும் குறைகிறது. விடை இவ்வளவே. இதை ஆண்டுக்கணக்கில் தொடர நேர்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அச்சம் ஒன்று எஞ்சி நிற்கிறது. காவல்துறை பற்றிய அச்சம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்னும் பிரிவு உண்டு. சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கு உள்ளானவர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து அவருக்கு அது விலக்கு அளிக்கிறது. ஆனால் நண்பன் நீலம் பாய்ந்து கிடக்கையில் உதவிக்கு ஆள் அழைப்பவனைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. அவன் ஓடிவிடுகிறான். சட்டம் இயற்றுவோர் இதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஜூன் 26ஆம் நாள் பள்ளிதோறும் உறுதிமொழி எடுக்கச் செய்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தோடு இன்னும் பத்து நிமிடம் சேர்த்து, எழுப்பினால் எழாதவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று உயர் வகுப்பு மாணவர்களுக்குச் செய்து காட்டலாம். அரசின் 14446 என்னும் இலவச உதவி எண்ணையும் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்.

பிரசுரத்தின் மறுபதிப்பில் நான் 'போதை' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். 'மூச்சை நிறுத்தும் அளவு' என்று எழுதியிருக்கிறேன். இலக்கண நயம் குறைவு என்று நண்பர் ஒருவர் குறைபட்டார். இருக்கட்டும்.