அருவி நீரும் செம்புச் சுருளும்

சென்ற ஆடியில் சாரல் நன்றாக இறங்கியிருந்த ஒரு காலைப் பொழுதில் நாங்கள் நால்வர் ஐந்தருவியில் நின்றிருந்தோம். எங்களுள் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர். பிறந்தது மேலகரத்தில், திரிகூட ராசப்பக் கவிராயரின் ஊர் என்று சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கு நிறைவு. தலையில் விழும் நீரின் கனத்தில் பேச்சே எழாத அந்த வேளையில் அவர் கத்தினார்: "அண்ணாச்சி, இந்தத் தண்ணி மட்டும் எங்க வீட்டுக் குழாயில வந்தா பாதிப் பிரச்சினை தீந்துரும்!"

பிரச்சினை பீர் பற்றியது. சிங்கப்பூரில் 2004 முதல் ஒரு குடும்பம் மாதத்துக்கு 30 லிட்டர் வரை தன் பயனுக்காக உரிமம் இன்றி வீட்டிலேயே பீர் வடித்துக்கொள்ளலாம். நம்மூரில் அதுவே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். பனையேறி இறக்கும் கள்ளைத் தடுத்துவிட்டுப் புட்டிச் சரக்கை அரசே விற்கும் மாநிலத்தில் இதற்கு நியாயம் தேடுவது வீண் வேலை. ஆகவே இங்கே எழுதுவது, சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் வாழும் தமிழன்பர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

நண்பர் வாங்க நினைத்திருந்தது ஒரு குளிர்விப்பான். பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றை ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். வோர்ட் என்னும் இந்த இனிப்புக் கஷாயத்தில் ஈஸ்ட் இடவேண்டும். கொதிக்கும் பாலில் உறை குத்தினால் என்னவாகும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள், ஈஸ்ட்டும் அப்படியே. பாலுக்குக் கைபொறுக்கும் சூடு போதும். ஏல் வகைப் பீரின் ஈஸ்ட்டுகளுள் பெரும்பாலானவற்றுக்கு 20 பாகைக்கு அருகே இறங்கியாக வேண்டும். மெல்ல ஆறவிட்டால் இடையிலுள்ள வெதுவெதுப்பில் வேண்டாத கிருமிகள் குடியேறும். வேகவைத்த சோளத்தின் வாடை ஒன்று தங்கும். புரதங்கள் சரியாகத் திரிந்து படியாமல் பீர் கலங்கலாக நிற்கும். இந்த மூன்று அச்சங்களின்மேல் எழுந்ததுதான் குளிர்விப்பான் வாணிபம்.

கடைகளில் மூன்று வகை கிடைக்கின்றன. சாற்றுக்குள் அமிழ்த்தி உள்ளே தண்ணீர் ஓடவிடும் சுருள் குழாய் ஒன்று. குழாய்க்குள் குழாய் வைத்துச் சாற்றையும் நீரையும் எதிரெதிராக ஓடவிடுவது மற்றொன்று. மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய தட்டுக் குளிர்விப்பான் மூன்றாவது. நண்பரின் மனம் மூன்றாவதில் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் பளபளவென்று ஒரு பொருள், சில நிமிடங்களில் வேலை முடியும் என்ற வாக்குறுதி. கைபேசியில் அதன் படத்தை எங்களுக்கு எத்தனை முறை காட்டினார் என்று கணக்கில்லை.

எங்கள் கருத்து இதற்கு நேர்மாறானது. எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்தக் குளிர்விப்பானும் தன்னுள் ஓடும் நீரைவிடக் குளிர்ச்சியாகச் சாற்றை ஆக்கிவிடாது. சிங்கப்பூரின் குழாய் நீர் 28 பாகையை ஒட்டி வருகிறது. தட்டும் சரி, சுருளும் சரி, அந்த எல்லையில் வந்து நின்றுவிடும். சில நிமிடங்களில் முடியும் என்ற கணக்கு, குழாயில் குளிர்ந்த நீர் வரும் நாட்டுக்காரனின் கணக்கு. போதாததற்கு, தகடுகளின் இடுக்கில் ஹாப்ஸ் துணுக்குகள் சிக்கினால் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. அடுத்த முறை சாறு கெடுவது அங்கிருந்துதான். சுருளில் அழுக்கு கண்முன் தெரியும். கொதியின் கடைசிக் கால்மணி நேரம் சாற்றுக்குள்ளேயே போட்டு வைத்தால் கிருமியும் ஒழியும். செம்பா, எஃகா என்று அடித்துக்கொள்வார்கள். செம்பு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் என்பது மெய்தான், ஆயினும் குழாய்ச் சுவர் மெல்லியது என்பதால் அந்த வேறுபாட்டைவிட, சாற்றை அவ்வப்போது கலக்கிவிடுவது கூடுதல் பயன் தரும்.

எங்களை உறுத்தியது வேறொன்று. 20 லிட்டர் சாற்றை 100 பாகையிலிருந்து 35 பாகைக்கு இறக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 1300 கிலோகலோரி. ஓடும் நீர் சராசரியாக 15 அல்லது 20 பாகை சூடேறி வெளியேறுகிறது என்று கொண்டால், 65 முதல் 85 லிட்டர் குடிநீர் வடிகாலுக்குப் போகும். 1962 ஒப்பந்தப்படி இன்றும் ஜொகூரிலிருந்து ஆற்றுநீர் வாங்கும் ஊர் அது. பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கி 2003 முதல் நியூவாட்டர் என்ற பெயரில் மீண்டும் புழங்கும் ஊரும் அதுவே. சாரலில் மட்டும் குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உறைக்காது. சித்திரையில் பேரருவியின் வறண்ட பாறையைப் பார்த்தவர்களுக்கு உறைக்க வேண்டும். இங்கே விழும் நீர் சிற்றாறாக ஓடிக் குளங்களை நிரப்பி வயலுக்குப் போகிறது. வடிகாலுக்கென்று அதில் பங்கில்லை.

"செடிக்கு ஊத்திட்டாப் போச்சு அண்ணாச்சி" என்றார் நண்பர். பதினோராம் மாடியில் அவருக்கு இருப்பவை நான்கு தொட்டிகள்.

குளிர்ந்த நீர் இல்லாத இடத்தில் பீர் வடித்தவர்கள் முன்பு என்ன செய்தார்கள்? பவேரியாவில் 1553இல் வந்த ஆணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் வடிப்பதையே நிறுத்திவைத்தது. கார்ல் வான் லிண்டே 1870களில் குளிர்பதன எந்திரத்தை உருவாக்கி, அது மியூனிக்கின் மதுவடிசாலைக்குள் வந்த பிறகே கோடை அவர்களுக்குப் பொருட்டில்லாமல் போயிற்று. பிரஸ்ஸல்ஸில் லாம்பிக் வடிப்போர் இன்றும் ஆழமில்லாத அகன்ற தொட்டியில் சாற்றை ஊற்றி இரவுக் காற்றில் ஆறவிடுகிறார்கள், அதுவும் குளிர்மாதங்களில் மட்டும்.

நமக்கு அண்மையான பாடம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்த அந்நாட்டு வீட்டு வடிப்பாளர்களிடையே ஒரு வழி பரவியது. கொதித்த சாற்றைச் சூடு தாங்கும் உணவுத்தரக் கேனில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடி, எல்லாப் பக்கமும் சூடு படும்படி ஒருமுறை சாய்த்து, இரவு முழுதும் விட்டுவிடுவார்கள். சாற்றின் சூடே கேனைத் தூய்மையாக்கிவிடுகிறது. சிங்கப்பூர் வெக்கையில் காலையில் அது அறைச்சூட்டுக்கு வந்திருக்கும். மிச்சத்தைக் குளிர்பெட்டி பார்த்துக்கொள்ளும். ஒரு சொட்டு நீர் வீணில்லை. குறைகள் இல்லாமலில்லை. சூடு நெடுநேரம் நிற்பதால் ஹாப்ஸின் கசப்பு ஏறும். கடைசியில் இடும் ஹாப்ஸைப் பிந்தித்தான் இடவேண்டும். மறுநாளே ஈஸ்ட் இட்டுவிட வேண்டும். மூடிய கேனை வாரக்கணக்கில் வைத்திருப்பது உயிருக்கே ஆபத்தான நச்சுக் கிருமிக்கு இடங்கொடுப்பதாகும். இதில் அசட்டை கூடாது.

ஹாப்ஸ் மணம் தூக்கலான பீர்தான் வேண்டும், காத்திருக்க முடியாது என்றால் எளிய சுருள் ஒன்று போதும். 35 பாகைவரை குழாய் நீர். வெளியேறும் நீரை வாளிகளில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம். பிறகு ஐந்து கிலோ ஐஸ் மிதக்கும் வாளியில் சிறு பம்ப் ஒன்றைப் போட்டு, அந்த நீரையே சுருளுக்குள் சுற்றவிட வேண்டியதுதான். தட்டுக் குளிர்விப்பானின் விலையில் எத்தனையோ மாதங்களுக்கு ஐஸ் வாங்கிவிடலாம்.

இத்தனையும் தென்காசிக்குத் திரும்பும் வழியில், ஈரத் துண்டு தோளில் கிடக்கப் பேசியவை. நண்பர் மறுப்பேதும் சொல்லவில்லை. சென்ற வாரம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: 20 லிட்டர் வெள்ளைக் கேன், அதன் பக்கத்தில் இன்னும் பிரிக்கப்படாத சின்னதொரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.